1944 ஃபோர்டு ஜீப்: 20 நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது, எங்கே பார்ப்பது?

அல்சூர்வாசி:
மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப், போன மாதம்தான் ஓட ஆரம்பித்தது. (போல்ட் தலைகளில் எஃப் எழுத்து இருக்கிறது, முன் குறுக்குச் சட்டமும் உருண்டைக் குழாய் இல்லை, அதனால் இதே ஜீப்பைச் செய்த வில்லிஸ் கம்பெனியுடையதா, ஃபோர்டா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.) காலையில் ஸ்டார்ட்டரை ஒரு மிதி மிதித்தால் போதும், பிடித்துக்கொள்கிறது. பெங்களூரு அல்சூர் ஏரியை ஒரு சுற்று சுற்றினால் பிரச்சினையே இல்லை. ஹெப்பாள் பக்கம் போனால் 20 நிமிடத்தில் இரண்டு இருமல், அவ்வளவுதான், நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மேம்பாலத்தின் நடுவில் நின்று, பின்னால் வந்தவர்களிடம் கன்னடத்திலும் தமிழிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியாயிற்று, கண்டென்சர் புதுசு.

மண்சாலை:
ஏர் லாக் ப்ரோ, பெட்ரோல் சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்கிறது. பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் ஒட்டிப் போகிறதா பாருங்கள். அடுத்த முறை நின்றால் பம்ப் மேல் ஈரத் துணி போடுங்கள். டேங்க் மூடியில் காற்று போகும் ஓட்டை அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

பழைய கிரீஸ்:
தம்பி, ஊகம் வேண்டாம். நின்ற அந்த நிமிடமே, ஆறுவதற்குள், இரண்டைப் பார்: பம்பிலிருந்து பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் ஸ்பார்க் என்ன நிறம். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அல்சூர்வாசி:
பார்த்துவிட்டேன் அண்ணா. பெட்ரோல் பீய்ச்சி அடிக்கிறது. ஸ்பார்க்தான் மஞ்சளாக, நோஞ்சானாக இருக்கிறது. ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு நின்றேன், அவ்வளவு சூடு. காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தும் பாயின்ட்டின் முனையும் கருநீலமாகிவிட்டது.

பழைய கிரீஸ்:
பேட்டரி எத்தனை வோல்ட்?

அல்சூர்வாசி:
12. முன்பு வைத்திருந்தவர் மாற்றியது. லைட் பிரமாதமாக எரிகிறது!

பழைய கிரீஸ்:
லைட் எரியும், காயிலும் சேர்ந்து எரியும். இந்த வண்டி பிறந்தது 6 வோல்ட்டில். அந்தப் பழைய காயிலே இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். வயரைக் கழற்றிவிட்டு காயிலின் பிரைமரியை, அதாவது பேட்டரி மின்சாரம் போகும் சுற்றை, மீட்டரில் அள. 1.5 ஓம் பக்கம் காட்டினால், 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் இப்போது 8 போகிறது. சூடு நாலு மடங்கு. உள்ளே இன்சுலேஷன் சூட்டில் விட்டுவிடும், ஆறினால் திரும்பப் பிடிக்கும், உன் 20 நிமிடக் கணக்கு அதுதான். சுமார் 3 ஓம் உள்ள 12 வோல்ட் காயில் போடு. பழைய காயிலோடு ரெசிஸ்டர் சேர்ப்பதும் ஒரு வழிதான், ஆனால் இவ்வளவு நாள் வெந்த காயிலை நான் நம்ப மாட்டேன். பாயின்ட் செட் புதிது, இடைவெளி 0.020 அங்குலம். அப்புறம் பெட்ரோல் மீட்டரும் 6 வோல்ட்டுதானா பார்.

மண்சாலை:
பேசாமல் திரும்ப 6 வோல்ட்டுக்கே போயிருக்கலாம், அதுதானே ஒரிஜினல்? சரி, வண்டி அவருடையது.

அல்சூர்வாசி:
பழைய காயில் 1.4 ஓம் காட்டியது. ஜே.சி. ரோட்டில் அம்பாசிடருக்குப் போடும் 12 வோல்ட் காயிலும் பாயின்ட்டும் வாங்கி மாட்டினேன். இன்று தேவனஹள்ளி வரை போய்த் திரும்பினேன், எங்கும் நிற்கவில்லை, காயிலில் கை வைத்து எடுக்க முடிகிறது. ரொம்ப நன்றி அண்ணா. பெட்ரோல் மீட்டர் விஷயத்திலும் நீங்கள் சொன்னதுதான்: டேங்கில் குச்சி விட்டால் நுனி மட்டும் நனைகிறது, முள் ஃபுல்லைத் தாண்டி நிற்கிறது.