புதுப்பிப்பு: முன் டயர்களின் வெளிஓரத் தேய்மானம்

நான்கே ஆட்டோகிராஸ் (கூம்புகளுக்கு இடையே வளைந்து நெளிந்து நேரத்துக்கு ஓட்டும்) போட்டிகளில் என் ஸ்விஃப்ட் காரின் முன் டயர்கள் வெளிஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டன என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். காற்று குறைவு என்றே பெரும்பாலோர் சொன்னீர்கள்.

ஓரத்தில் சாக்பீஸ் கோடு இழுத்து ஓட்டிப் பார்த்தேன். 32 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் கோடு பக்கச்சுவர்வரை அழிந்தது. 38இல் டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் முக்கோணக் குறியோடு, அதாவது தேய வேண்டிய எல்லையோடு, நின்றது. ஆக, பாதி சரி.

மீதிப் பாதி கேம்பர், அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். ஓடி வந்த சூட்டோடு ஊசி வெப்பமானியைக் குத்தினால் வெளிப்புறம் உட்புறத்தைவிட 20 டிகிரி அதிகம்! மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரே சக்கரத்தின் மேற்பகுதியைத் தாங்கும் சஸ்பென்ஷன்) வண்டி வளைவில் சாயும்போது சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாய்கிறது. என் சக்கரங்களோ ஏறக்குறைய செங்குத்தாக நின்றன. இந்தக் கோணத்தை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் போட்டு இருபுறமும் −1.8 டிகிரிக்கு (மேல்பக்கம் உள்நோக்கிச் சாய) கொண்டுவந்தேன்.

அதன்பின் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரிபார்க்காமல் இரண்டு வாரம் ஓட்டியது என் முட்டாள்தனம். டயரின் மேற்பரப்பை உள்ளிருந்து வெளியே உள்ளங்கையால் தடவினால் ரம்பம்போலச் சொரசொரப்பு, திருப்பித் தடவினால் வழுவழுப்பு: டோ-இன்னின் (முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பதன்) அடையாளம். நூல் கட்டி அளந்து பூஜ்யத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிறு ஓட்டத்துக்குப் பிறகு படம் போடுகிறேன்.