பாஸ் அழகாக ஓடுகிறது, ஷாட் எப்போது போகும்?

கூடைப்பந்தில் பந்து கைமாறிக்கொண்டே இருந்தால் ஜெயிக்கலாமா, இல்லை எத்தனை ஷாட் போடுகிறோம் என்பதுதான் கணக்கா என்று இங்கே கேட்டிருந்தீர்கள். டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம், வேலை முடிந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பெண்கள் அணி, பையன்கள் அணி இரண்டையும் பார்ப்பதால் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் ஒரே கோர்ட்டில் எனக்குத் தெரிகிறது.

முதலில் பெண்கள். தென்னாப்பிரிக்காவில் பெண் பிள்ளை என்றால் பள்ளியில் நெட்பால்தான் (கூடைப்பந்து மாதிரி ரிங்கில், அதாவது வளையத்தில், பந்து போடுகிற ஆட்டம்), 2023-ல் உலகக் கோப்பையே கேப் டவுனில் நடந்தது, என்னிடம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அதில் ஊறிவிட்டுத்தான் வருகிறார்கள். நெட்பாலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, கைக்கு வந்த மூன்று வினாடிக்குள் விட்டாக வேண்டும். அதனால் பாஸ் என்றால் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பந்து வருவதற்கு முன்பே அடுத்தது யாருக்கு என்று கண் போய்விடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "என்ன சார், இவ்வளவு நல்லா ஆடுறாங்க" என்பார்கள். ஆனால் ஸ்கோர் போர்டைப் பார்த்தால் எதிரணியில் பாதிதான் இருக்கும்.

காரணம் ஒரு நாள் கண்ணெதிரே தெரிந்தது. நெட்பாலில் கோல் டிஃபென்ஸ் ஆடுகிற ஒரு பெண், ரிங்குக்கு நேர் அடியில், பக்கத்தில் ஆளே இல்லாமல் நின்றாள். பந்து நெஞ்சுக்கு வந்தது. நிமிர்ந்து ரிங்கைக்கூடப் பார்க்கவில்லை, இடது பக்கம் திரும்பி, வலது பக்கம் திரும்பி, வழக்கமாகக் கோல் போடுகிற பெண்ணைத் தேடினாள். வேலிக்கு வெளியே இருந்து அவளுடைய ஆயா "போடும்மா, போடு!" என்று கத்தியது எனக்கே கேட்டது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து பந்தைத் தட்டிவிட்டது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "நான் டிஃபென்ஸ், அங்கிள்" என்றாள். நெட்பாலில் கோல் ஷூட்டர், கோல் அட்டாக் இந்த இரண்டு பேர்தான் ஷாட் போடலாம், ஏழு பேரில் மற்ற ஐந்து பேருக்கு அந்த உரிமையே இல்லை. சின்ன வயதிலிருந்து அப்படி ஆடியவளுக்கு ரிங் என்பது வேறு யாருடைய வேலையோ. போதாக்குறைக்கு அங்கே தடுப்பவள் 0.9 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், இங்கே முகத்துக்கு நேரே கை வருகிறது. ரிங்கின் உயரம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான், 3.05 மீட்டர்.

பையன்கள் நேர் எதிர். கிரிக்கெட்டும் கால்பந்தும் போக மிச்ச நேரத்தில் போனில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃப் கரி வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள். பந்து கிடைத்தவன் ரிங்கைத்தான் பார்ப்பான், முன்னால் இரண்டு பேர் நின்றாலும் போடுவான். ஆனால் இவர்கள் ஜெயிப்பார்கள்! பாதி ஷாட் ரிம்மில் பட்டுத் தெறிக்கும், இரண்டு வளர்ந்த பையன்கள் உள்ளே புகுந்து ரீபவுண்ட் (தெறித்து வருகிற பந்து) எடுத்து மறுபடி போடுவார்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஸ்கோர் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, கணக்குதான். ஒரு அணி 60 ஷாட் போட்டு 40 சதவீதம் விழுகிறது, இன்னொரு அணி 50 ஷாட் போட்டு 46 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் இரண்டு பாயின்ட் ஷாட் என்றால் முதல் அணிக்கு 24 கூடை, 48 பாயின்ட். நன்றாகக் குறி பார்த்த இரண்டாவது அணிக்கு 23 கூடை, 46. இரண்டு அணிக்கும் பந்து மாறி மாறித்தானே வருகிறது, அந்தக் கூடுதல் 10 ஷாட் எங்கிருந்து வந்தது? ஐந்து டர்ன்ஓவர் (ஷாட் போடாமலே பந்தை எதிரணிக்கு இழப்பது) குறைவாக விட்டு, நாம் ஷாட் போடுகிற ரிங்கில் ஐந்து ரீபவுண்ட் (ஆஃபென்சிவ் ரீபவுண்ட்) கூடுதலாகப் பிடித்தால் வந்துவிடும். அமெரிக்காவில் டீன் ஆலிவர் என்கிற கூடைப்பந்துப் புள்ளிவிவர நிபுணர் வெற்றிக்கான நான்கு காரணிகளுக்கு எடை போட்டபோது, நூற்றுக்கு, ஷாட் தரத்துக்கு (போட்ட ஷாட் எவ்வளவு நன்றாக விழுகிறது என்பது) 40, டர்ன்ஓவருக்கு 25, ஆஃபென்சிவ் ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு (ஃபவுலுக்காகக் கிடைக்கிற, யாரும் தடுக்காத ஷாட்) 15 என்று வைத்தார். நடுவில் இருக்கிற இரண்டும்தான் எத்தனை ஷாட் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அசிஸ்ட்டுக்கு (கூடையில் முடிகிற பாஸ்) தனி இடமே இல்லை. பாஸ் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது, அதன் பலன் ஷாட் தரத்துக்குள் ஏற்கெனவே வந்துவிடுகிறது.

2014-ல் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் மயாமியை 4-1 என்று அடித்த இறுதிச் சுற்றைப் பார்க்காதவர்கள் பாருங்கள். பந்து ஒரு கையிலும் நிற்காது, பிடித்த அரை வினாடிக்குள் ஷாட்டா, பாஸா, டிரிபிளா (பந்தைத் தட்டிக்கொண்டு போவதா) என்று முடிவெடுத்தாக வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். அந்த முடிவில் ஷாட்டும் சேர்த்தி என்பதை எங்கள் பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பையன்களுக்கு 2018 ஹூஸ்டன் ராக்கெட்ஸைக் காட்டுகிறேன். தனி ஆளாகப் பந்தை வைத்து ஆடியே அந்த சீசனில் 65 ஆட்டம் ஜெயித்த அணி, அதனால் பாஸ் இல்லாமல் முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், தூரத்திலிருந்து போடுகிற மூன்று பாயின்ட் ஷாட் தொடர்ந்து 27 தவறியது, மொத்தம் 44-ல் 7 தான் விழுந்தது. அதே ஷாட் விழாத நாளில் வேறு வழி ஒன்று கையில் இருக்க வேண்டாமா?

என் கட்சி இதுதான்: ஒரு பாஸ் தடுக்கிறவரை ஓர் அடியாவது நகர்த்தினால் அது நல்ல பாஸ். நகர்த்தாத பாஸ், டர்ன்ஓவருக்கு நாமே கொடுக்கிற இன்னொரு வாய்ப்பு. எங்கள் பெண்கள் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே பந்தைச் சுற்றிச் சுற்றி விட்டபோது எதிரணி உள்ளே அசையாமல் நின்று வேடிக்கை பார்த்தது.

இப்போது பயிற்சியில் 14 வினாடி சத்தமாக எண்ணுகிறேன். அதற்குள் பந்து ஒரு தடவையாவது ரிங்குக்குப் பக்கத்தில் நிற்கிறவளிடம் உள்ளே போக வேண்டும், ஷாட்டும் போக வேண்டும். உள்ளே பந்தைப் பிடித்தவள் முதலில் ரிங்கைப் பார்க்க வேண்டும். தவறினால் திட்டு கிடையாது, போடாமல் விட்டால் பந்து எதிரணிக்கு. டர்பன் புழுக்கத்தில், வெடிப்பு விட்ட சிமென்ட் கோர்ட்டில் இதையே செய்கிறோம், பிள்ளைகள் அலுத்துக்கொள்ளவில்லை. அந்த டிஃபென்ஸ் பெண் இப்போது போடுகிறாள். நிறையத் தவறுகிறது, பரவாயில்லை, தவறியதில் கொஞ்சம் ரீபவுண்டாகத் திரும்பி வருகிறது.

—

அண்ணா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். என் மகளும் நெட்பாலிலிருந்து வந்தவள்தான். அவள் ஷாட் போடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, தவறினால் கூட ஆடுகிற பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். பாஸ் கொடுத்தால் யாரும் குறை சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து "நான் போட்டா கோவப்படுறாங்கம்மா" என்று அழுத பிறகுதான் எனக்கே தெரிந்தது. இதையும் கோச்கள் கவனித்தால் நல்லது.

—

நான் பிரிட்டோரியா. 2024 மார்ச்சில் எங்கள் ஊர் சன்பெட் அரீனாவில் ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக் ஆட்டங்கள் நடந்தபோது போயிருந்தேன். நம்ம கேப் டவுன் டைகர்ஸுக்காகத்தான் டிக்கெட் எடுத்தேன், ஆனால் கண் முழுக்க அங்கோலாவின் பெட்ரோ டி லுவாண்டா மேல்தான். பந்து உள்ளே போய் வெளியே வரும்போதெல்லாம் தடுக்கிறவர்கள் ஓர் அடி பின்தங்கிவிடுவார்கள், அந்த ஓர் அடியில் ஷாட் போய்விடும். அந்த வருஷக் கோப்பையும் அவர்களுக்குத்தான். அண்ணே, ஒரு சந்தேகம், ஆட்டத்தின்போது நீங்கள் சொன்ன ஷாட், டர்ன்ஓவர், ரீபவுண்டையெல்லாம் எப்படி எண்ணுகிறீர்கள்?

—

தம்பி, ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஷாட், டர்ன்ஓவர், நம் ஷாட்டில் நாமே பிடித்த ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ, இந்த நாலுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். ஷாட்டிலிருந்து அந்த ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைக் கூட்டி, ஃப்ரீ த்ரோவை 0.44-ஆல் பெருக்கிச் சேர்த்தால் பந்து எத்தனை முறை உங்கள் கைக்கு வந்தது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். பெஞ்சில் இருக்கிற பிள்ளையிடமே நோட்டைக் கொடுங்கள், அவளும் ஆட்டத்தைக் கவனமாகப் பார்ப்பாள். மாரிட்ஸ்பர்க் அக்கா சொன்னது உண்மை, முகம் சுளிக்கிற பிள்ளையிடம்தான் நான் முதலில் நோட்டைக் கொடுக்கப்போகிறேன்.