கமாண்டுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது 777-க்குப் போகலாமா?

வலதுசீட்_தாம்பரம்

வணக்கம். வயது 32, ஏ320-ல் கோ-பைலட், மொத்தம் 3,900 மணி நேரம், பேஸ் (பணி தொடங்கி முடியும் ஊர்) சென்னை. சீனியாரிட்டி பட்டியலில் எனக்கு மேலே இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால், கமாண்ட் (அதாவது கேப்டன்) பயிற்சிக்கு என் முறை வர இன்னும் 12 முதல் 15 மாதம் ஆகும். இந்த நேரம் பார்த்து வேறொரு நிறுவனத்தில் போயிங் 777 என்ற நெடுந்தூரப் பெரிய விமானத்துக்கு கோ-பைலட்டாகத் தேர்வாகியிருக்கிறேன். பேஸ் டெல்லி. போனால் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையதுதான். இடது சீட்டுக்கு, அதாவது கேப்டன் இருக்கைக்கு, ஏழெட்டு வருஷம் பிடிக்கும் என்று அங்கே இருக்கும் நண்பன் சொல்கிறான்.

ஏன் போக நினைக்கிறேன் என்பதற்கு நேற்றைய நாளையே சொல்கிறேன். அதிகாலை 3.10-க்கு வாசலில் வண்டி. சென்னை–கோவை–சென்னை–ஹைதராபாத்–சென்னை. கோவை செக்டரில் மேலே ஏறி மூச்சு விடுவதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். தரையில் நிற்பது அரை மணி நேரம்கூட இல்லை. மடியில் தயிர்சாத டப்பாவைத் திறந்து இரண்டாவது வாய் எடுக்கும்போது லோட்ஷீட் (எடைக் கணக்குத் தாள்) வரும், எரிபொருள்காரர் கையெழுத்துக்கு நிற்பார், கதவைச் சாத்தலாமா என்று கேபினிலிருந்து கேட்பார்கள். மிச்சச் சாதத்தை ஹைதராபாத்தில் தின்றேன். வீட்டுக்கு வந்து மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்தால், மகள் (இரண்டரை வயது) கதவைத் தட்டுகிறாள். இப்படி வாரத்துக்கு நாலைந்து நாள்.

மனைவி சென்னையில் வங்கியில் வேலை பார்க்கிறார். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கிற போதெல்லாம் “பெரிய விமானம் எப்போ?” என்பார். ஏ320-ல் 180 பேர் போகிறார்கள் என்று சொல்லியும் அவருக்கு அது டவுன் பஸ்தான்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சம்பள வித்தியாசம் எனக்குத் தெரியும். வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி.

---

பங்க்_வாசி

நான் டெல்லி பேஸில் 777 கோ-பைலட், நாலாவது வருஷம். ஏ320-லிருந்து வந்தவன்தான். உங்கள் தயிர்சாதம் ஞாபகம் இருக்கிறது, எனக்கு அது புளியோதரை.

இங்கே சாப்பிட நேரம் உண்டு. சாப்பிடப் பிடிக்காது, அவ்வளவுதான். டெல்லி–சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 16 மணி நேரம். நாலு பைலட் போவோம், இரண்டு இரண்டு பேராக மாறி மாறி ஓய்வு. பங்க் என்பது ரயிலில் அப்பர் பர்த் மாதிரி. பெல்ட் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். உங்கள் முறை முதல் ஓய்வாக வந்தால், வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து வந்த அடுத்த இரண்டாவது மணி நேரத்தில் மறுபடி “தூங்கு” என்பார்கள். எப்படித் தூக்கம் வரும்? கண்ணை மூடிக்கொண்டு ஏசி சத்தம் கேட்டபடி கிடப்பேன்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். நாலு பேர் போனாலும் விமானத்தை இறக்குவது ஒருவர்தான். போன மாதம் நான் செய்த லேண்டிங் ஒன்று. ஒன்றே ஒன்று. 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லாவிட்டால் பயணிகளோடு ஓட்ட முடியாது, அதனால் எங்களில் சிலரை அதற்கென்றே சிமுலேட்டருக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் நேற்று ஒரே நாளில் செய்ததில் பாதியைக்கூட நான் போன மாதம் முழுக்கச் செய்யவில்லை.

நல்லதும் உண்டு. மாதத்தில் நாலைந்து பயணம் முடிந்தால் வேலை முடிந்தது. சேர்ந்தாற்போல் நாலு நாள் வீட்டில் இருக்கலாம். முதல் இரண்டு நாள் பேய் அறைந்த மாதிரி இருப்பேன், மூன்றாம் நாள் மனிதன். ஹோட்டல் அறையில் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கெட்டிலில் வெந்நீர் வைத்து ரெடிமேட் உப்புமா கிளறுவதில் நான் இப்போது நிபுணன்.

நாலு வருஷத்தில் மூன்று தீபாவளிக்கு வீட்டில் இல்லை. கீழே உள்ளவர்களுக்குக் கிடைப்பது மேலே உள்ளவர்கள் வேண்டாம் என்று விட்டதுதான்.

---

ரிசர்வ்_சிகாகோ

நான் அமெரிக்காவில் ஓட்டுகிறேன். நெடுந்தூரமா குறுந்தூரமா என்று இங்கே யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். “உன் நம்பர் என்ன?” என்பதுதான் கேள்வி.

சேர்ந்த தேதியை வைத்து ஒரு எண் தருவார்கள். எந்த விமானம், எந்த ஊர், எந்த சீட், எந்த நாள் லீவு, எல்லாம் அந்த எண் வரிசையில்தான். மாதா மாதம் விருப்பம் எழுதிப் போடுவோம், கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டு வரும். உங்களைவிட ஒரு நாள் முன்னால் சேர்ந்தவன் ஆயுள் முழுக்க உங்களுக்கு முன்னால்தான். கம்பெனி மாறினால் 20 வருஷ அனுபவஸ்தனும் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

அதனால் இங்கே வேடிக்கையான காட்சி ஒன்று உண்டு. கேப்டன் ஆக முறை வந்தும் வேண்டாம் என்று வலது சீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். வைட்பாடி (இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம்) கோ-பைலட்டுகளில் முதல் ஆளாக இருந்தால் நினைத்த பயணம், நினைத்த லீவு. கேப்டன் ஆனால் கேப்டன் பட்டியலின் அடியில் விழுந்து, ஸ்டாண்ட்பையில் (இங்கே ரிசர்வ் என்போம்) ஃபோனைப் பார்த்தபடி உட்கார வேண்டும். நான் இரண்டாவது ரகம். பெயரைப் பார்த்தாலே தெரியும்.

நம்பருக்காக இங்கே நடந்த சண்டைகளைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 2001-ல் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, அந்தப் பக்கத்து பைலட்டுகளில் பெரும் பகுதியினரை அப்படியே பட்டியலின் அடியில் ஒட்டிவிட்டார்கள். கேப்டனாக இருந்தவர்கள் மறுபடி வலது சீட்டுக்கு வந்தார்கள், பலருக்கு வேலையே போனது. 2005-ல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் சேர்ந்தபோது பட்டியலை எப்படிக் கோர்ப்பது என்று ஒரு நடுவர் 2007-ல் தீர்ப்புச் சொன்னார். பிடிக்காத ஒரு தரப்பு சங்கத்தையே மாற்றிவிட்டது. வழக்கு வருஷக் கணக்கில் ஓடியது.

இந்தியாவில் இவ்வளவு தூரம் இல்லை என்று நினைக்கிறேன், ரோஸ்டரை (பணி அட்டவணையை) கம்பெனிதான் போடுகிறது. இருந்தாலும் கமாண்டும் பேஸ் மாற்றமும் பட்டியல்படிதானே? 32 வயதில் 12 மாதத்துக்காகக் காத்திருக்க முடியாமல் ஏழு வருஷக் கியூவில் போய் நிற்பது எனக்குப் புரியவில்லை.

---

இறங்கியாச்சு_65

தம்பி, 65 முடிந்து போன வருஷம் லைசென்ஸை அலமாரியில் வைத்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

சிகாகோ நண்பர் சொல்கிற மாதிரியான சண்டை இங்கே இல்லாமல் இல்லை. 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். ஒன்று நெடுந்தூரம், வைட்பாடி. மற்றொன்று பெரும்பாலும் உள்நாடு, நாரோபாடி (ஏ320 மாதிரி ஒற்றை நடைபாதை விமானம்). புதிதாக வரும் போயிங் 787-ல் யாருக்குப் பயிற்சி என்று தகராறு. 2012 மே மாதம் ஏர் இந்தியா பக்கத்து பைலட்டுகள் உடம்பு சரியில்லை என்று இறங்கியவர்கள் 58 நாள் ஏறவில்லை. முதல் 787 டெல்லிக்கு வந்து சேர்ந்தது அந்த வருஷம் செப்டம்பரில். வராத விமானத்துக்கு 58 நாள். நான் அப்போது வேறு கம்பெனி, பேப்பரில் படித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு என் முறை வந்தது.

நான் இருந்த கம்பெனி (இப்போது இல்லை, பெயர் வேண்டாம்) மூடியபோது என் சீனியாரிட்டி எண் 41. பதினெட்டு வருஷம் ஏறி ஏறி வந்த எண். தீபாவளி, பொங்கல், பெண்ணின் பள்ளி ஆண்டு விழா, எதைக் கேட்டாலும் கிடைக்கும். ஒரு சாயங்காலம் கடைசி விமானத்தை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தோம். மறுநாள் காலையிலிருந்து 41 என்பது வெறும் நம்பர். அதை வைத்து ஒரு டீ வாங்க முடியாது.

ஆனால் லாக்புக்கில் கேப்டனாக ஓட்டிய மணி நேரம் 6,000-க்கு மேல் இருந்தது. அதை வைத்து இரண்டு மாதத்தில் இன்னொரு இடத்தில் இடது சீட்டிலேயே உட்கார்ந்தேன். பட்டியலில் கடைசி, ஆனால் கேப்டன். என் பேட்ச் நண்பன் ஒருவன், என்னைவிட நன்றாக ஓட்டுவான், சத்தியமாகச் சொல்கிறேன். ஏ320-ல் கமாண்டுக்கு நெருங்கி வந்தபோது வைட்பாடி ஆசையில் கோ-பைலட்டாகத் தாவியவன். அவனிடம் மொத்த மணி நேரம் என்னைவிட அதிகம், கேப்டனாக ஒரு மணி நேரம்கூட இல்லை. நேர்காணலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வயது 26. வெளியே வந்து என்னிடம் ஒன்றும் பேசவில்லை, சிகரெட் ஒன்று கேட்டான். அவன் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை.

சீனியாரிட்டி கம்பெனியின் சொத்து, அவர்கள் போனால் கூடவே போய்விடும். கமாண்ட் மணி நேரம் உன்னுடையது. வெளிநாட்டில் நேரடியாக கேப்டனாக எடுப்பவர்களும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்போது கணக்குப் பார். கோ-பைலட்டுக்கு நோட்டீஸ் 6 மாதம். அதற்கப்புறம் 777 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி), சிமுலேட்டர், லைன் பயிற்சி. எல்லாம் முடிந்து நீ தனியாக ரோஸ்டரில் வரும்போது ஒரு வருஷம் ஓடியிருக்கும். ஏறக்குறைய அதே நேரத்தில் இங்கே கமாண்ட் பயிற்சியில் இருப்பாய். ஆக, நீ மிச்சம் பிடிப்பது ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை: கமாண்டர் ஆனபின் நோட்டீஸ் ஒரு வருஷம். நினைத்தவுடன் கிளம்ப முடியாது.

அந்த 12–15 மாதத்தை மட்டும் அப்படியே நம்பாதே. மேலே எத்தனை பேர் என்று எண்ணினால் போதாது. எத்தனை விமானம் வருகிறது, இஞ்சின் இல்லாமல் எத்தனை தரையில் நிற்கிறது, பயிற்சி கேப்டன்கள் எத்தனை பேர், போன வருஷம் எத்தனை பேரை மேலே ஏற்றினார்கள் என்று விசாரி. பயிற்சி கேப்டன் இல்லாமல் பட்டியல் நகராமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நெடுந்தூரம்தான் வேண்டும் என்றால் உன் விமானமே இப்போது கடல் தாண்டுகிறது. ஏ321எக்ஸ்எல்ஆர் 8,700 கிலோமீட்டர் போகும், 2024 நவம்பரில் மாட்ரிட்–பாஸ்டன் ஓடத் தொடங்கியது. நம் ஊரிலும் ஆர்டர் போட்டிருக்கிறார்கள். ஏ320 ஓட்டுகிறவனுக்கு அதற்குத் தனி டைப் ரேட்டிங் வேண்டாம், வித்தியாசப் பயிற்சி போதும்.

---

இரவுப்பணி_வீடு

நான் பைலட் இல்லை, பைலட்டின் மனைவி. எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்தாயிற்று.

குறுந்தூரத்தில் இருந்தபோது தினமும் வீட்டுக்கு வருவார், ஆனால் தூங்கிக்கொண்டே இருப்பார். நெடுந்தூரத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருப்பார், ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார். இரண்டையும் சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதது வேறு ஊர் பேஸ். உங்கள் மனைவிக்கு டெல்லிக்கு மாற்றல் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் சென்னைக்கும் டெல்லிக்குமாக, இடம் இருந்தால்தான் ஏற முடியும் என்ற ஸ்டாஃப் டிக்கெட்டில் அலைவீர்கள். என் கணவர் ஒன்றரை வருஷம் அலைந்தார். 16 மணி நேரம் பறந்து வந்து, அப்புறம் மூன்று விமானத்தில் இடம் இல்லை என்று உட்கார்ந்திருப்பார். மாதத்தில் நாலு நாள் ஓய்வு அந்த நாற்காலியில் போனது. பைலட் வேலை நேரக் கணக்கில் அது வராது.

உங்கள் பதிவில் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே?

---

வலதுசீட்_தாம்பரம்

எல்லோருக்கும் நன்றி. மேடம், உங்கள் கடைசி வரியை அவரிடம் காட்டினேன். “நல்லா கேட்டாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மாற்றல் கேட்கலாம், ஆனால் பதவி உயர்வு தேர்வு அடுத்த வருஷம் இருக்கிறது என்று பிறகு சொன்னார். இது எனக்குத் தெரியாது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கேப்டன் சார், நீங்கள் சொன்னபடி விசாரித்தேன். எனக்கு மேலே 34 பேர். போன வருஷம் எங்கள் விமானத்தில் ஏற்றியது 29 பேரை. எனவே 12 மாதம் என்பது கொஞ்சம் நம்பிக்கைக் கணக்குதான், 14, 15 மாதம் ஆகும். அந்த நிறுவனத்திடம் சேரும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார்கள். பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம்.

வேண்டாம் என்று எழுதப் போகிறேன், ஏறக்குறைய முடிவு. ஒரே ஒரு சந்தேகம்: கமாண்ட் கிடைத்து 500, 1,000 மணி நேரம் ஆனபின் வைட்பாடிக்கு கோ-பைலட்டாகப் போனால், கேப்டன் மணி நேரம் பழசாகிவிட்டது என்று சொல்வார்களா?

---

இறங்கியாச்சு_65

சொல்வார்கள். கடைசி மூன்று நாலு வருஷத்தில் எவ்வளவு என்று கேட்கிற இடங்கள் உண்டு. 500-ல் கிளம்பாதே, 1,500 தாண்டட்டும். அதற்குள் உன் பெண் பள்ளிக்கூடம் போயிருப்பாள், கதவைத் தட்ட ஆள் இருக்காது.

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்: டவுன் பஸ் ஓட்டுகிறவன்தான் ஒரு நாளைக்கு நாலு தடவை இறக்குகிறான்.