மளிகை லிஸ்ட் ஏஐ போடுகிறது, ஆர்டரையும் அதனிடமே விடலாமா?

சத்துவாச்சாரி மருமகள்:
வீட்டில் ஐந்து பேர். அத்தைக்குச் சர்க்கரை, பையனுக்கு டிபன் பாக்ஸ், எனக்குக் காலை ஷிஃப்ட். அதனால் மளிகைக் கணக்கை சாட்ஜிபிடியிடம் விட்டிருக்கிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் அளவெல்லாம் ஓரளவு சரியாகவே போடுகிறது. அத்தை எழுதிக் கொடுக்கும் சீட்டைப் போட்டோ எடுத்துக் கொடுத்தாலும் படித்துவிடுகிறது. போன முறை மட்டும் பெருங்காயம் 50 கிராமை 500 கிராம் ஆக்கிவிட்டது. லிஸ்ட்டைப் பார்த்த அத்தை, "என்னம்மா, பந்திக்கா சமைக்கப் போறோம்?" என்றார்.

காய்கறியில்தான் ஒத்துவரவில்லை. திங்கள் அவியல், செவ்வாய் பொரியல் என்று சமையலை முடிவு செய்துவிட்டு அதற்குக் காய் வாங்கச் சொல்கிறது. எங்கள் வீட்டில் நடப்பது தலைகீழ். முருங்கை மலிந்தால் அன்று சாம்பார். இலவம்பாடி முள்ளுக் கத்தரி கண்ணில் பட்டால் எண்ணெய்க் கத்தரிக்காய், வேறு பேச்சே இல்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. லிஸ்ட்டில் வெறுமனே "கத்தரிக்காய் அரை கிலோ" என்று போட்டால் ஆப்காரர் எதை அனுப்புவார்?

இப்போது பணம் கட்டுவது வரை ஏஐயே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். யாராவது விட்டுப் பார்த்தீர்களா?

காட்பாடி ஜங்ஷன்:
மெனு கேட்காதீர்கள். வாங்கி வந்த காயைச் சொல்லி, அதை வைத்து என்ன சமைக்கலாம் என்று கேளுங்கள். எது முதலில் வாடும் என்று பார்த்துக் கீரையை முதல் நாளிலும் பூசணியைக் கடைசியிலும் வைக்கச் சொல்லலாம். நான் உழவர் சந்தை விலைப் பலகையையே போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன். விலையை அதனிடம் கேட்டால் எங்கேயோ படித்ததைத் தைரியமாகச் சொல்லும்.

குடியாத்தம் மாமா:
ரேஷனைச் சொன்னீர்களாம்மா? துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் கடை விலைக்கு எழுதிவிடும். பருப்பு என்றைக்கு வரும் என்பது மட்டும் ஏஐக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

பாகாயம் தம்பி:
அக்கா, சாட்ஜிபிடிக்குள்ளேயே யுபிஐயில் பணம் கட்டும் சோதனையை 2025 அக்டோபரில் ஆன்லைன் பணம் கட்டும் சேவை தரும் ரேசர்பே, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மூவரும் சேர்ந்து அறிவித்தார்கள். முதலில் சேர்ந்த கடைகளில் ஆன்லைன் மளிகைக் கடையான பிக்பாஸ்கெட்டும் உண்டு. ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி, அதற்குள் செலவு செய்ய விடுவதுதான் ஏற்பாடு. ஆனால் வரம்பு இருப்பது பணத்துக்குத்தான், அளவுக்கு இல்லை. உங்கள் பெருங்காயம் அந்தத் தொகைக்குள் அடங்கினால் கேள்வி இல்லாமல் வீட்டுக்கு வந்துவிடும். கூடையை அது நிரப்பட்டும், கடைசி பட்டனை நீங்களே அழுத்துங்கள்.

சத்துவாச்சாரி மருமகள்:
மாமா, ரேஷனைச் சேர்த்ததும் கடையில் வாங்கும் பருப்பில் ஒரு கிலோ குறைந்தது. பாமாயில் வடை சுட மட்டும் என்று தனியாக எழுதினேன், குழம்புக்கு அத்தை தொட மாட்டார். தம்பி சொன்னபடி பணம் நானே கட்டிக்கொள்கிறேன். காட்பாடி அண்ணா, பலகையில் சாக்பீஸ் எழுத்தைச் சரியாகப் படிக்கிறதா?

காட்பாடி ஜங்ஷன்:
கிட்டப் போய் எடுத்தால் படிக்கும். காலையிலேயே போங்கள், நேரமானால் பலகைதான் இருக்கும், காய் இருக்காது.