பழைய பாடசாலைக் காணியில் சுற்றுலா விடுதி: யாரிடம் கேட்பது, எப்படித் தடுப்பது?

மேட்டு லயத்து மகள் (கேள்வி)

வணக்கம். ஹட்டன்–நுவரெலியா வீதியை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். தோட்டத்துப் பாடசாலையில்தான் அரிச்சுவடி படித்தேன். இப்போது அதன் பழைய மாணவர் சங்கச் செயலாளர். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே பேச்சு எந்தச் சங்கம், எந்தக் கட்சி என்று திரும்பிவிடும்.

1980களின் பிற்பகுதியில், சுவீடன் உதவியில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் கிடைத்த காலத்தில், எங்களுக்கும் மேட்டில் ஒரு புதிய கட்டடம் வந்தது. பெரிய வகுப்புகள் அங்கே போயின. ஆரம்பப் பிரிவு மட்டும் கீழே பழைய மண்டபத்தில் தொடர்ந்து நடந்தது. சில வருடங்களுக்கு முன் அதையும் மேலே கொண்டுபோய்விட்டார்கள். அன்றிலிருந்து மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் காணி. எங்கள் தோட்டத்தில் மட்டமான நிலம் என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு. பிரதான வீதி பக்கத்திலேயே. முன்னால் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அந்தக் காட்சிதான் இப்போது வினையாக வந்திருக்கிறது.

சென்ற மாதம் அளப்பதற்கு ஆட்கள் வந்தார்கள். சிவப்புச் சாயம் பூசிய முளைகளை வரிசையாக அடித்தார்கள். அதில் ஒன்றைக் கொடிக்கம்பத்தின் சிமெந்துப் பீடத்தை ஒட்டியே அறைந்திருக்கிறார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் என்னவென்று கேட்டபோது, வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுதி கட்டப்போகிறோம் என்று பதில் வந்ததாம். பாடசாலைக்கு ஒரு கடிதம் இல்லை. பெற்றோருக்கு ஒரு கூட்டம் இல்லை.

அதற்குள் அரசியல் புகுந்துவிட்டது. ஒரு தொழிற்சங்கத்தார் விடுதி வந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். மற்றச் சங்கத்தார் விடுதியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், காணியைப் பேர்ச் பேர்ச்சாகப் பிரித்து வீடு கட்டக் கொடு என்கிறார்கள். பிரதேச சபையில் இரண்டு தரப்புக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இருவரும் கோவில் திருவிழாவில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். மேட்டு லயத்தாரும் (லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பணிய லயத்தாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பிள்ளைகளின் பங்கு என்ன என்று இருவரில் எவரும் கேட்கவில்லை.

நான் கேட்கப் போனேன். வலயக் கல்விப் பணிமனையில் "பாடசாலை எங்களுடையது, காணி எங்களுடையது அல்ல" என்றார்கள். பிரதேச செயலகத்தில் "அது தோட்டக் காணி, எங்கள் கோவையில் இல்லை" என்றார்கள். தோட்ட அலுவலகத்தில் "குத்தகைக் காணிக்குள் அடங்கியது, நாங்கள் என்னவும் செய்யலாம்" என்றார்கள். மூன்று இடத்திலும் எழுத்தில் ஒரு வரி தரவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்தக் காணி பயனற்றுக் கிடக்கவில்லை. மேட்டுப் பாடசாலையில் பிள்ளைகள் ஓடியாட இடம் கிடையாது. இன்றைக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, சுண்ணாம்புக் கோடு போட்டு, கீழ் மைதானத்துக்குத்தான் இறங்குகிறார்கள். மண்டபத்தின் அத்திவாரக் கல்லும் கம்பனி சுமந்த கல் அல்ல. வேலை முடிந்த பிறகு ஆற்றங்கரையிலிருந்து கல் சுமந்தவர்களில் என் அம்மாயியும் ஒருத்தி. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, வாக்கும் இல்லாமல் நின்ற சனம். தங்கள் பெயரில் ஒரு சாண் நிலம் இல்லாத நிலையிலும் பிள்ளைகளுக்கென்று சேர்ந்து எழுப்பிய இடம் அது. அங்கே முன்பள்ளியும் வாசிகசாலையும் மாலை வகுப்பும் வர வேண்டும், மைதானம் மைதானமாகவே இருக்க வேண்டும். அதுதான் என் நிலைப்பாடு.

காணியின் உண்மையான சொந்தக்காரர் யார்? ஆட்சேபனையை எங்கே கொடுப்பது? நீதிமன்றம் போனால் நிற்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய அதிபர்

மகள், பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது என்றவுடன் எல்லோரும் 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களைக் காட்டுவார்கள். அதில் ஏமாறாதீர்கள். அவை பெரும்பாலும் சமய அமைப்புகள் நடத்திய உதவிபெறும் பாடசாலைகளுக்காக வந்தவை. அப்படி எடுத்த பாடசாலைகளின் காணியும் கட்டடமும் வர்த்தமானிக் கட்டளை மூலம் அரசுக்கு உரித்தாயின. தோட்டப் பாடசாலைகள் அந்தக் கணக்கில் சேரவில்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் பொறுப்பில் வைத்திருந்தது. அவர்கள் கையிலேயே அது கிடந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான், 1970களில் தொடங்கித் தொகுதி தொகுதியாக, இந்தப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வந்தன.

ஆசிரியர் நியமனம் வந்தது, சம்பளம் வந்தது. காணியை அளந்து பிரித்து எழுதும் வேலை மட்டும் பல இடங்களில் நடக்கவே இல்லை. தோட்டமும் அரசாங்கத்தினுடையது, பாடசாலையும் அரசாங்கத்தினுடையது, பிறகு எதற்கு அளப்பது என்று விட்டுவிட்டார்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது அந்த அலட்சியம் பிள்ளைகளின் தலையில் வந்து விடிந்தது. மூன்று அலுவலகங்களும் உங்களைப் பந்தாடுவதற்கு மூலகாரணம் இதுதான்.

ஆனால் கம்பனி "என்னவும் செய்யலாம்" என்பது தவறு. கம்பனி குத்தகைக்காரர் மட்டுமே. பொதுவாக இந்தக் குத்தகைகள் 2045 வரை போகும். குத்தகைக்குக் கொடுத்தது மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம். உங்கள் தோட்டம் இரண்டில் எதன் கீழ் என்று பாருங்கள். அதோடு ஒவ்வொரு கம்பனியிலும் அரசாங்கத்தின் சார்பில் திறைசேரிச் செயலாளர் பெயரில் பொற்பங்கு என்ற ஒரு விசேட பங்கு இருக்கிறது. குத்தகைக் காணியை வேறொருவருக்கு உபகுத்தகைக்குக் கொடுப்பதானால் அந்தப் பங்குதாரரின் இணக்கம் வேண்டும். விடுதி கட்ட வருகிறவர் வெளியாள் என்றால் அந்த இணக்கக் கடிதம் எங்கே என்று கேளுங்கள்.

கேட்பதற்கு வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. கம்பனியிடம் போய் நிற்காதீர்கள். குத்தகைக்குக் கொடுத்த அரச நிறுவனத்திடம் ஒப்பந்தத்தின் காணி அட்டவணையையும் வரைபடத்தையும் கேளுங்கள். வலயப் பணிமனையிடம் பாடசாலையைப் பொறுப்பேற்ற ஆவணத்தைக் கேளுங்கள். பிரதேச சபையிடம் கட்டட விண்ணப்பம் ஏதும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். விடுதிக்குச் சபையின் அனுமதி வேண்டும். மலைப்பகுதி என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் வேண்டும். திருவிழாவில் சண்டை போட்ட அந்த இரு உறுப்பினர்களும் சபையில் கைதூக்கும் இடம் அதுதான்.

இன்றைய அதிபரைச் சந்தித்துப் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகத்தைத் தேடச் சொல்லுங்கள். பரிசோதகர் வந்தார், கூரை மாற்றினோம், தோட்டத்துரை தகரம் தந்தார் என்று அந்தக் காலத்து அதிபர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். கறையான் தின்னாமல் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு மூலத்தை அதிபரிடமே விடுங்கள்.

நீதிமன்றத்தைப் பற்றி: கல்வி மாகாணத்துக்குரிய விடயம் என்பதால் கண்டி மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். றாகலைப் பக்கத்து ஸ்டஃபோர்ட் தோட்ட வழக்கில் 2013இல் உயர் நீதிமன்றம், அரச காணியிலிருந்து வெளியேற்றும் விவகாரத்தில் எழுத்தாணை (அதிகாரிகளின் முடிவைத் தடுக்கும் நீதிமன்றக் கட்டளை) வழங்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்த்தது. உங்களுடையதையும் காணி வழக்கு என்று எதிர்த்தரப்பு வாதாடினால் கதவடைத்துவிடும். கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம்தான் பாதுகாப்பான வழி. செலவு அதிகம். அதற்கு முன் கடதாசிகளைச் சேருங்கள்.

காம்பராவில் எட்டுப் பேர்

அக்கா, கோபிக்க வேண்டாம். நானும் உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றில்தான் இருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் நாங்கள் எட்டுப் பேர். தங்கை பெரிய பரீட்சைக்குப் படிப்பது அடுப்படியில், எல்லோரும் தூங்கிய பிறகு. லயத்துக்குப் பின்னால் மண்மேடு. அது அபாயப் பகுதி என்று வந்து பார்த்தவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். போக இடம் காட்டவில்லை.

வாசிகசாலை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைக்கு முதலில் ஒரு மேசை போட வீடு வேண்டும். மட்டமான நிலம் தோட்டத்தில் அது ஒன்றுதான் என்று நீங்களே எழுதுகிறீர்கள். மண் சரியாத இடத்தில் சனத்தைக் குடிவைப்பதற்கு அதைவிட நல்ல இடம் ஏது? விடுதியை எதிர்ப்பதில் நான் உங்களோடு நிற்பேன். வீட்டை எதிர்த்தால் நிற்க மாட்டேன்.

பண்டாரவளைப் பக்கத்து டீச்சர்

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். எங்கள் பக்கத்து அனுபவத்தைச் சொல்கிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது, உயிர் தப்பியவர்கள் தங்கியது கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில். தோட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே இரவில் ஒதுங்கக்கூடிய கூரை பாடசாலைதான். காணி கைமாறிவிட்டால் அடுத்த மழைக்கு அந்தச் சனம் எங்கே போகும்? தம்பி சொல்லும் அபாயத்துக்கும் இது ஒரு பதில்.

இன்னொன்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் மூடிய பாடசாலையைத் தற்காலிகம் என்று சொல்லி உரக்களஞ்சியம் ஆக்கினார்கள். பெற்றோர் வாய் திறக்கவில்லை. பிறகு சுற்றி முள்வேலி வந்தது, காவலாளி வந்தார். இப்போது அந்தச் சுவரில் சிமெந்தால் இழைத்துக் கறுப்பு அடித்த கரும்பலகையின் மேலேயே உரமூட்டைகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மேல் மூலையில் திகதி எழுதும் கோடு இன்னும் அழியவில்லை. நான் என் கண்ணால் பார்த்தேன். வயிறு எரிந்தது. ஆகவே தங்கச்சி, ஆவணம் வரும் வரை காத்திருக்காதீர்கள். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கி ஏதாவது ஒரு வகுப்பை இந்த வாரமே தொடங்குங்கள். அதிபரின் எழுத்து அனுமதியோடு தொடங்குங்கள், இல்லையென்றால் அத்துமீறல் என்று பொலிசுக்குப் போவார்கள்.

மேட்டு லயத்து மகள்

சேர், டீச்சர், தம்பி, மூவருக்கும் நன்றி.

சேர் சொன்னபடி மூன்று விண்ணப்பங்களையும் எழுதி முடித்துவிட்டேன். எங்கள் தோட்டம் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழ் வருகிறது. பொற்பங்குதாரரின் இணக்கம் கேட்கும் கடிதத்தைத் தனியாகத் திறைசேரிக்கு அனுப்புகிறேன். சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. முதல் பக்கங்கள் இல்லை. மைதானம் வெட்டச் சிரமதானம் செய்த பதிவு இருக்கிறது. தோட்டத்துரை வந்து பார்த்து ஒப்பமிட்டிருக்கிறார்.

தம்பி, உங்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நானும் லயத்தில் பிறந்தவள். வீடு வேண்டாம் என்று எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன். ஒன்றரை ஏக்கரில் பாதையும் கானும் போக எத்தனை குடும்பத்துக்குக் காணி வரும்? எங்கள் தோட்டத்தில் மட்டும் அதைப்போலப் பல மடங்கு குடும்பங்கள் காத்திருக்கின்றன. மிஞ்சியவர்களுக்கு என்ன பதில்? கவ்வாத்து வெட்டாமல் காடாகிப்போன தேயிலை மலைகள் கம்பனியிடம் இருக்கின்றன. அவற்றில் சரிவு குறைந்த பகுதிகளை அளந்து கேட்க எந்தச் சங்கமும் வாய் திறக்கவில்லை. கம்பனியோடு மோத வேண்டி வரும் என்பதுதான் காரணம். பிள்ளைகளின் காணியைப் பங்கு போடுவதில் மோதல் இல்லை, அதனால் அதைக் கேட்கிறார்கள். நம் வீட்டையும் நம் பாடசாலையையும் எதிர் எதிரே நிறுத்தியவர்கள் யார் என்று யோசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் கூட்டம் வைக்கிறோம். இரு சங்கத் தலைவர்களையும் அழைத்திருக்கிறேன். மனுவில் பழைய பாடசாலைக் காணியை அளந்து கல்வித் திணைக்களத்தின் பெயரில் எழுத வேண்டும் என்றும், காடாகிய மலைகளில் வீட்டுக் காணி ஒதுக்க வேண்டும் என்றும் இரண்டு கோரிக்கைகளையும் ஒன்றாக வைக்கிறேன். ஒன்றை விட்டு ஒன்றில் கையொப்பம் வாங்க மாட்டேன்.

மண்டபத்தில் மாலை வகுப்புக்கு அதிபர் கடிதம் தந்துவிட்டார். கணிதம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை. பக்கத்தில் இருப்பவர்கள் தொடர்புகொள்ளுங்கள்.

காம்பராவில் எட்டுப் பேர்

வீட்டுக் காணிக் கோரிக்கையை முதலாவதாகப் போடுங்கள் அக்கா. அப்படியென்றால் எங்கள் தோட்டத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டி வருகிறேன். கணிதம் நான் க.பொ.த. உயர்தரத்தில் படித்தது. செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்குப் பிறகு வர முடியும்.