குன்னூர் வீட்டுக்கு முழுத்தேக்குத் தளமா, எஞ்சினியர்டு பலகையா?

கேள்வி:
குன்னூரில் கட்டிவரும் வீட்டின் கீழ்த்தளத்தில், அம்மாவின் படுக்கையறைக்கு மட்டும் மரத்தளம் போட எண்ணியிருக்கிறோம். மூட்டுவலியுள்ள அவரால் மார்கழிக் குளிரில் டைல்ஸ் மீது கால் வைக்க முடிவதில்லை. 18 மி.மீ. தேக்குப் பலகையே நிற்கும் என்கிறார் எங்கள் ஆசாரி, மர அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த, 4 மி.மீ. தேக்கு மேலடுக்குள்ள எஞ்சினியர்டு பலகை போதும் என்கிறார் கடைக்காரர். நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டு ஐந்து வாரங்கள் ஆகின்றன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1:
கோத்தகிரியில் நாங்கள் முழுத்தேக்கைக் கான்கிரீட் மீதே ஒட்டினோம். வெயில் காலத்தில் கண்ணாடிபோல் இருந்த தரை, ஐப்பசி மழை பிடித்த சில வாரங்களில், ஒவ்வொரு பலகையும் நடுவில் குழிந்து ஓரங்கள் எழும்பி, வெறுங்காலில் நடந்தால் விரல் தட்டும் நிலைக்கு வந்துவிட்டது. ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தோம். அடிப்பக்கம் ஈரத்தில் கறுத்திருந்தது. வைரம் பாய்ந்த மரம்தான், மரத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

பதில் 2:
மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் உப்பும். எஞ்சினியர்டு பலகையில் அடுக்குகளின் ரேகை குறுக்கும் நெடுக்குமாக அமைவதால், ஓர் அடுக்கு உப்ப முயலும்போது அடுத்தது பிடித்துக்கொள்கிறது. ஆகவே கான்கிரீட் மீது அதையே பரிந்துரைப்பேன். மேலடுக்கு 4 மி.மீ. இருந்தால் பின்னாளில் ஓரிரு முறை தேய்த்துப் பாலிஷ் போடலாம். அந்த அளவை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஆனால் உங்கள் கான்கிரீட்தான் எனக்குக் கவலையளிக்கிறது. ஓர் அங்குலக் கனம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டுமானத்தில் வழங்கும் கணக்கு. மூடுபனியில் இன்னும் தாமதமாகும். இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் பொறுத்திருங்கள். சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விடவும் மறக்காதீர்கள்; சுவரடியில் பொருத்தும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

பதில் 3:
ஆசாரியின் சொல்லையும் தள்ளிவிடாதீர்கள். பழைய மச்சுகளில் தேக்குப் பலகை தலைமுறைகளாக நின்றதற்கு, அதன் அடியிலும் காற்று பட்டதே காரணம். கான்கிரீட் மீது மரச்சட்டம் அடித்துத் தளத்தை மூன்று அங்குலம் உயர்த்த முடிந்தால் முழுத்தேக்கு இங்கும் நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. கதவு நிலை வைத்தாகிவிட்டது. வாசலில் மூன்று அங்குலம் உயர்ந்தால் அம்மாவின் கால் இடறும். எனவே எஞ்சினியர்டு பலகையே போடுகிறோம், கான்கிரீட் உலர்ந்த பிறகு. பாலித்தீன் தாளை இன்று மாலையே விரிக்கிறேன்.