ராணிப்பேட்டை தோல் டேனரி குடும்பத்த வச்சு லவ் த்ரில்லர் எழுதுறேன், ஒரு இடத்துல உதவி வேணும்

காட்பாடி_வாசகி:
வணக்கம்ங்க. டேனரி முதலாளி, வயசு ஐம்பத்தஞ்சு. அவர் ரெண்டாவது மனைவிக்கு, கம்பெனி கணக்கு பாக்க வர்ற பையன் மேல மனசு போயிடுது. ரெண்டு பேரும் ஏலகிரில ரகசியமா சந்திக்கிறாங்க, அப்புறம் ஒரு நாள் முதலாளி செத்துக் கிடக்கிறாரு. காதல் பகுதி நல்லா வந்துடுச்சு, அவள நெனச்சா எனக்கே நெஞ்சு அடைக்குது. ஆனா பையன் காசுக்காகத்தான் பழகினான்னு அவளுக்கு எப்படி தெரிய வரணும்? போன் மெசேஜ பாத்து கண்டுபிடிக்கிறத எல்லாரும் எழுதிட்டாங்க, அது வேணாம்.

ஆற்காட்டான்:
ஈசி, அதான் ஒரு சொத்து மேல பதிஞ்ச பத்திரத்தையெல்லாம் காட்டுற வில்லங்கச் சான்று, அது போதும்மா. பத்திரப்பதிவு வெப்சைட்டுல சர்வே நம்பர் தெரிஞ்சா யார் வேணா யார் சொத்துக்கு வேணா வில்லங்கம் போட்டுப் பாக்கலாம். அவன் பைல அந்த பேப்பர் அவ கையில சிக்கட்டும், அதுல இருக்கிற தேதி அவன் மொத மொத அவகிட்ட பேசினதுக்கும் முன்னாடி. இன்னொன்னு, உயில் ஈசியில வராது, பதிஞ்ச செட்டில்மென்ட், அதான் உயிரோட இருக்கும்போதே சொத்த எழுதிக் குடுக்கிற பத்திரம், வரும். முதலாளி பின்னாடி டேனரிய அவ பேருக்கே எழுதிட்டாரு, அவன் மறுபடி போட்ட ஈசியில அது இருக்கு, அவளும் புருஷன் நீட்டின இடத்துல படிக்காம கையெழுத்து போட்டுட்டா. சொத்து யாருதுன்னு அவளுக்கு முன்னாடி அவனுக்கு தெரிஞ்சிருக்கு, அப்படின்னா அடுத்த ஆபத்து அவளுக்குத்தான்.

சத்துவாச்சாரி_அக்கா:
அருமை தம்பி. காட்பாடி தங்கச்சி, தகாத உறவுன்னு மட்டும் சொல்லி போலீஸ் அவள உள்ள வைக்கிற மாதிரி எழுதிடாத, 497வது பிரிவ 2018லயே சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, பழைய சட்டத்துலகூட பொம்பளைக்கு தண்டனை இல்ல. கொலைக்கு உடந்தைன்னு நிரூபிச்சா இந்து வாரிசுரிமைச் சட்டம் 25ன் படி செத்தவர் சொத்துல வாரிசா பங்கு வராது, ஆனா அவர் உயிரோட இருக்கும்போதே அவ பேருக்கு மாறின டேனரி வேற கணக்கு. கோர்ட் சீன்ல இத வச்சு நல்லா மோத விடலாம்.

பாலாறு_பையன்:
எனக்கு அந்த பையன விட முதலாளிதான் மனசுல நிக்கிறாரு. ராணிப்பேட்டைல இருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியா ஏலகிரி போனா பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டணும் இல்ல, கார் புருஷன் பேர்ல, பாஸ்டேக்கும் அவர் நம்பர்ல, ஒவ்வொரு தடவ அவ போறப்பவும் காசு கழிச்ச மெசேஜ் அவர் போனுக்குத்தான் வரும். அவர் செத்த பிறகு அந்த போன இவ தொறந்து பாக்குறா. மொத தடவையில இருந்தே எல்லாம் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்ச பிறகுதான் டேனரிய இவ பேருக்கு எழுதியிருக்காரு. தயவுசெஞ்சு இத அவசரமா முடிச்சிடாதீங்க, ஒரு முழு அத்தியாயம் குடுங்க.

காட்பாடி_வாசகி:
படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு, இன்னிக்கு ராத்திரியே உக்காந்து எழுதுறேன். ஆற்காட்டாண்ணா, செட்டில்மென்ட் பதிய அவளும் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு வந்தாகணுமா? வந்திருந்தா எதுக்குன்னு கேக்காம இருந்திருப்பாளா?